நிழலுக்கும் ஒரு நியாயம்

கலை எதுவாயினும், தன் முன் வந்து அமர்பவனுக்கு அது செய்ய வேண்டிய முதல் மரியாதை அவனை அவனாகவே காண்பதாகும். கவிஞனுக்கும் சிற்பிக்கும் இது விதி. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒளிப்படக்காரருக்கும் இதுவே விதி. இலக்கிய ஏட்டில் ஸ்டூடியோவுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். நம் இல்லங்களில் சுவர்தோறும் படம் மாட்டும் வழக்கம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் பெட்டிக்கு அடியில், பாஸ்போர்ட் உறைக்குள், பழைய பத்திரங்களுக்கு நடுவில், மறைந்த ஒருவரின் முகம் காகிதத்தில் படுத்திருக்காத வீடு எத்தனை? அந்தக் காகிதம் பொய் சொல்லுமானால் அந்தப் பொய்யைத் திருத்துவதற்கு வேறு சான்று நம்மிடம் இல்லை. ஆதலால் இதுவும் திறனாய்வுக்கு உரிய பொருளே.

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலை வழியே சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனச் சென்னையை நோக்கி வருகிறவர்கள் வழிநெடுகிலும் ஸ்டூடியோக்களின் கண்ணாடிப் பெட்டிகளைக் காணலாம். அவற்றில் மணமக்கள் இருக்கிறார்கள். பட்டமளிப்பு அங்கி அணிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். தலை நிமிராத கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே நிறம்! சந்தனத்தில் சிறிது பாலைக் கலந்தாற்போன்ற ஒரு நிறம். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அதே சாலையில் பேருந்துக்கு நிற்கும் மக்களைத் திரும்பிப் பாருங்கள். கருப்பு, மாநிறம், செம்மை கலந்த கருப்பு, வெயிலில் காய்ந்த பழுப்பு என எத்தனை நிறங்கள்! இத்தனை பேரும் படியேறி உள்ளே போய், ஒரே நிறத்தினராய் வெளியே வருவது எங்ஙனம்?

இந்தக் கேள்வி நமக்கு ஏட்டறிவால் எழுந்ததன்று. நம் அன்னையார் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேமராவின் முன் அமர்ந்தார்கள். 1979ஆம் ஆண்டு ஹஜ் பயணத்துக்காக எடுத்த சிறு படம் அது. வெள்ளைத் துப்பட்டியின் நடுவே நல்ல கருமையான முகம். வலக் கன்னத்தில் ஒரு மரு. அடுப்புப் புகையில் சுருங்கிப் பழகிய கண்கள். 1994இல் அவர்கள் மறைந்த பின், அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தரும்படி புறநகர் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தோம். பத்து நாள் கழித்து உரிமையாளர் மிகுந்த பெருமையோடு உறையைப் பிரித்துக் காட்டினார்.

"பாய், அம்மா முகம் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. எடுப்பா தெரியட்டும்னு நாங்களே டச் பண்ணிக் கொடுத்திருக்கோம். இதுக்குத் தனியாக் காசு வேண்டாம்."

அவர் அன்போடுதான் செய்தார். ஆனால் படத்தில் கருமை இல்லை, மரு இல்லை, கண்ணோரச் சுருக்கங்களில் ஒன்றேனும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, எட்டு வயதுப் பேத்தி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம நன்னிமா இல்லை" என்றாள். அதன்மேல் ஒரு சொல்லும் கூறாமல் விளையாடப் போய்விட்டாள். அவள் கூறியதைக் காட்டிலும் சரியான விமரிசனத்தை நாம் பின்னர் எந்த நூலிலும் படித்ததில்லை.

அந்த உரிமையாளரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர் கை செய்த காரியத்துக்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சென்னைக்கு ஒளிப்படக் கலை மிக முன்னதாகவே வந்துவிட்டது. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் அது கற்பிக்கப்பட்டது. 1850களிலேயே இந்நகரில் ஒளிப்படச் சங்கமும் தோன்றிற்று. ஆனால் அந்நாளைய கண்ணாடித் தகடுகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவை நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பை அறவே உணரவில்லை. நம் மேனியிலிருந்து திரும்பும் ஒளியிலோ சிவப்பே மிகுதி, நீலம் குறைவு. எனவே கண்ணுக்கு இதமான மாநிறமாய்த் தெரிந்த முகம் தகட்டில் கரியாய் விழுந்தது. பின்னர் வந்த ஆர்த்தோகுரோமாடிக் தகடு பச்சையையும் உணர்ந்தது. சிவப்புக்கு அதுவும் குருடே. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய உள்ளபடி உணரும் பான்குரோமாடிக் படச்சுருள் பரவலாகப் புழங்கியது 1920களுக்குப் பிறகுதான்.

ஆகவே அந்நாளைய ஒளிப்படக்காரர் முகத்தில் பவுடர் பூசச் சொன்னதிலும், நெகடிவின் மீது கூரிய பென்சிலால் நுண்ணிய புள்ளிகள் வைத்து முகத்தைத் தெளிவாக்கியதிலும் ஒரு நியாயம் இருந்தது என்றே கருதுகிறோம். தகடு செய்த பிழையைக் கை திருத்தியது. ஆனால் தகட்டின் பிழை நீங்கிய பிறகும் பென்சில் ஓயவில்லை. நோய் போன பின்னும் மருந்தை நிறுத்தாத வீடு போலாயிற்று ஸ்டூடியோ. மருந்தே உணவாகி, அதுவே ருசியாகவும் ஆகிவிட்டது.

அமரும் நிலைக்கும் இதே கதைதான். பழைய படங்களில் ஆண்மகன் ஒரு கையை நாற்காலியின் முதுகில் ஊன்றி நிற்பான். பெண் மேசைமீது முழங்கையை வைத்து அமர்ந்திருப்பாள். இதைக் கம்பீரம் என்றும் நாணம் என்றும் நாம் பொருள் கொள்கிறோம். உண்மையில், பல நொடிகள் அசையாமல் இருந்தால்தான் படம் பதியும் என்ற காலத்தில், உடல் ஆடாதிருக்கக் கொடுத்த முட்டுகளே அவை. தலை அசையாதிருக்கப் பின்னாலிருந்து இரும்புக் கவ்வியும் வைத்தார்கள். அரை நொடியும் தேவைப்படாத காலம் வந்தது, கவ்வி போயிற்று, நாற்காலி மட்டும் நின்றுவிட்டது. இன்றும் தாம்பரத்து ஸ்டூடியோவில், கல்லூரியில் சேரவிருக்கும் இளைஞன் தேவையே இல்லாத ஒரு நாற்காலியைப் பற்றிக்கொண்டு விறைத்து நிற்கிறான்.

நிலையின் வரலாற்றில் இன்னொரு கசப்பும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். அத்தகைய மானிடவியல் படங்களில் மனிதரை நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை நிறுத்துவது வழக்கம். நிழல் விழாத தட்டையான ஒளியே அதற்கு ஏற்றது. அளப்பவனுக்கு நிழல் இடைஞ்சல். பிற்காலத்தில் பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் கேட்பது அந்த ஒளியையே. அரசு அலுவலகத்துக்கு அது தேவையாயிருக்கலாம். ஆனால் கல்யாணப் படத்துக்கும் தாயின் நினைவுப் படத்துக்கும் அதே ஒளியா? அளப்பதற்கென ஏற்றிய விளக்கின் கீழே உறவைக் காண முடியுமா?

வண்ணப்படம் வந்தபோது பிழை வேறு உருவில் திரும்பியது. கோடாக் நிறுவனத்தின் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். முதலில் அமர்ந்த மாதிரியின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் மேனி சரியாக வந்தால் உலகத்தார் அனைவரின் மேனியும் சரியாக வந்ததாகக் கணக்கு! பல இனத்துப் பெண்களும் அந்த அட்டையில் இடம் பெற்றது 1990களில்தான். முகமறியாத ஒருத்தியின் நிறத்துக்கு நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் இத்தனை காலம் கப்பம் கட்டி வந்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அண்மைக் காலத்தில் சென்னையில் பெரிதும் பேசப்பட்ட இரண்டு படைப்புகளைப் பார்ப்போம். இரண்டும் ஸ்டூடியோ ஒளியிலும் மாதிரிகளின் நிலையிலும் மிகுந்த கவனம் செலுத்தியவை.

முதலாவது, 2017 டிசம்பரில் நரேஷ் நில் என்ற ஒளிப்படக் கலைஞரும் பரத்வாஜ் சுந்தரும் இணைந்து வெளியிட்ட 'டார்க் இஸ் டிவைன்' என்னும் படவரிசை. நாட்காட்டிகளில் வெளிர்நிறமாகவே வரையப்பட்டுவரும் இந்து சமயத் தெய்வ வடிவங்களுக்குக் கறுத்த மேனியரான மாதிரிகளை அமர்த்தி எடுத்த படங்கள் அவை. பிற சமயத்தாரின் வழிபாட்டு உருவங்களைக் குறித்துத் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. நாம் பேசுவது ஒளியைப் பற்றி மட்டுமே. விளம்பரத் தொழில் ஒதுக்கி வைத்த மேனியை நடுவில் அமர்த்தி, அதை வெளுக்காமலே ஒளிரச் செய்தார்கள். இது பெரிய காரியம், துணிவான காரியமும்கூட. ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். நிறத்தை மாற்றினார்கள்; நிலையை மாற்றவில்லை. கை ஏந்தும் விதமும் அணிகளின் அடுக்கும் நாட்காட்டி வகுத்துத் தந்த இலக்கணத்தை ஒட்டியே இருக்கின்றன. கறுத்த மேனிக்கென்று ஓர் அமர்வு, ஓர் இயல்பு, ஓர் ஓய்வு உண்டல்லவா? அது இன்னும் படமாகவில்லை.

இரண்டாவது, ஜி. வெங்கட் ராம் 2020ஆம் ஆண்டு நாட்காட்டிக்காக எடுத்த படங்கள். சுகாசினி மணிரத்னம் தொடங்கிய 'நாம்' அறக்கட்டளைக்காக, ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை ரம்யா கிருஷ்ணன், சமந்தா, சுருதி ஹாசன் முதலிய திரைக்கலைஞர்களை அமர்த்தி மீண்டும் உருவாக்கினார்கள். நோக்கம் நல்ல நோக்கம். தொழில் திறமையிலும் குறை காண்பதற்கில்லை. எண்ணெய் வண்ணத்தில் ஓவியன் தன் விருப்பப்படி ஒளியைப் பூசிவிடலாம். விளக்கை வைத்து அதே மென்மையை வரவழைப்பது எளிதன்று. ஆனால் நாம் கேட்பது வேறொன்று. ரவிவர்மா உயிருள்ள மாதிரிகளை அமர்த்தி, கூந்தல் முடிக்கும் நாயர் பெண்ணைத் தம் கண்ணால் கண்டு வரைந்தார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் அந்த ஓவியத்துக்குப் பரிசும் பெற்றார். பல பிரதேசத்துப் பெண்கள் பதினொருவரை ஒரே சட்டத்தில் இசைக்கருவிகளோடு கூட்டி வைத்தவரும் அவரே. அவர் மனிதரைப் பார்த்து ஓவியம் செய்தார். நாமோ அவருடைய ஓவியத்தைப் பார்த்து மனிதரை அதற்குள் அமர்த்துகிறோம். எதிரே அமர்ந்திருப்பவளின் கழுத்து இயல்பாக எந்தப் பக்கம் சாயும் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஓவியத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். தாம்பரத்து ஸ்டூடியோவின் நாற்காலிக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

அப்படியாயின் சரியான ஒளி எது? குறை மட்டும் கூறி வழி கூறாமல் போவது விமரிசனத்துக்கு அழகன்று. ஆதலால் சில செய்திகளைத் தெளிவாகவே கூறுவோம்.

வெளிர்ந்த மேனியில் உருவத்தைக் காட்டுவது நிழல். வெண்பரப்பின்மீது விழும் நிழலால் மூக்கும் கன்னமும் எழும்பித் தெரிகின்றன. கறுத்த மேனியில் உருவத்தைக் காட்டுவது பளபளப்பு. நெற்றியிலும் கன்னமேட்டிலும் மூக்குத்தண்டிலும் விளக்கின் பிரதிபலிப்பு மெல்லப் படரும்போது முகம் தானே எழுகிறது. ஆகவே கருமையான முகத்துக்கு வேண்டியது அதிக விளக்குகள் அல்ல. அகன்ற ஒரு விளக்கு. அதைப் பக்கவாட்டில், முகத்துக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். ஒரு சன்னலே இதற்குப் போதும். பவுடர் இந்தப் பளபளப்பைத்தான் முதலில் கொல்கிறது. பவுடர் பூசிய கறுத்த முகம் சாம்பல் பூத்துத் தட்டையாவது இதனால்தான். சிறிது எண்ணெய் தடவிய முகமே கேமராவுக்கு உண்மை பேசும். நம் அன்னையர் இதை அறியாமலா நமக்குத் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் தடவினார்கள்!

வெள்ளைத் துப்பட்டிக்குள் இருக்கும் கறுத்த முகம் இன்னுமோர் இடர்ப்பாடு. ஒளிமானி தன்முன் உள்ள அனைத்தையும் கூட்டிச் சராசரியாய் இடைப்பட்ட சாம்பல் நிறம் என்று கணக்கிடும். துணியின் வெண்மையைக் கண்டு, 'ஒளி மிகுதி' என்று ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடும். அதற்கு அஞ்சியே நம்மவர்கள் முகத்துக்கு நேரே இரண்டு விளக்குகளைக் கொளுத்துகிறார்கள்; பிறகு துணி வெளுத்து மடிப்புகள் மறைந்து போகின்றன. செய்ய வேண்டியது எளிது. முகத்தருகே மானியை வைத்து, அங்கே விழும் ஒளியை அளக்க வேண்டும். விளக்கைச் சற்றுத் திருப்பி அதன் நடுப்பகுதி துணியின்மீது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரத்தையும் மறக்கலாகாது: விளக்கை 3 அடியிலிருந்து 6 அடிக்கு நகர்த்தினால் ஒளி பாதியாவதில்லை, கால் பங்காகிறது. இந்த ஒரு விதியை அறிந்தவர், ஒரே விளக்கால் முகத்தை விளக்கிப் பின்புலத்தை இருளில் ஆழ்த்திவிட முடியும்.

இவையெல்லாம் பெரிய நகரத்துப் பணக்கார ஸ்டூடியோக்களுக்கே இயலும் என்று எவரும் சொல்ல வேண்டாம். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பமாகோ நகரில், செய்து கெய்ட்டா என்பவர் 1948இல் ஒரு சிறு ஸ்டூடியோ திறந்தார். பெரும்பாலும் வீட்டு முற்றத்துப் பகல் வெளிச்சமே அவருக்கு விளக்கு. தம் படுக்கை விரிப்பே முதலில் அவருக்குப் பின்புலம். வந்து அமர்ந்தவர்கள் நம்மவர் போன்ற கடைக்காரரும் குமாஸ்தாவும் குடும்பத்துப் பெண்களும். அவர் எடுத்த கறுத்த முகங்களில் ஒன்றேனும் வெளுக்கவில்லை. ஒன்றேனும் இருளில் மூழ்கவுமில்லை. உலகத்துக் கலைக்கூடங்கள் இன்று அந்தப் படங்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. வெகுதூரம் போவானேன்? தாம்பரத்துக்கு அருகே தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியில் பயின்ற பி.சி. ஸ்ரீராம், 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் இருட்டையே படத்தின் ஓர் உறுப்பாக்கினார். தேசிய விருதும் பெற்றார். திரையில் நாம் கைதட்டி ஏற்றுக்கொண்ட நிழலைக் கல்யாண ஆல்பத்தில் மட்டும் ஏன் விரட்டுகிறோம்?

ஒளியைப் பற்றிப் பேசும்போது பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதமை நினையாதிருக்க முடியாது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் நிறுவியவர் அவர். கண்ணால் காணப்படும் தன்மைகள் 22 என்று அவர் வகுக்கிறார். ஒளியும் நிறமும் அவற்றுள் உள்ளன, அழகும் உள்ளது. நிழலும் இருளும்கூட அந்தப் பட்டியலில் தனித்தனியே இடம் பெற்றிருப்பதை அன்பர்கள் உற்றுநோக்க வேண்டும். இருளைக் காட்சியின் குறையாக அவர் ஒதுக்கவில்லை. காணப்படும் பொருள்களுள் ஒன்றாகவே எண்ணினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மேதை நிழலுக்குக் கொடுத்த மதிப்பை நம் ஸ்டூடியோக்கள் இன்னும் கொடுக்கவில்லை.

குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. தோல் வாணிகம் நம் சமுதாயத்தார் பலர் நன்கறிந்த தொழில். அத்தொழிலில் பழுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உயர்ந்த தோல் என்பது தன் மேற்பரப்பின் இயல்பான நுண்வரிகளோடு இருப்பது. தேய்த்துச் சாயம் பூசி மறைத்தது குறைபட்ட தோல் என்பார்கள். ஆட்டுத்தோலுக்கு நாம் தரும் அந்த மதிப்பை நம் பெண்மக்களின் மேனிக்கும் தரலாகாதா?

இது வெறும் அழகியல் வாதமன்று. பெண் பார்க்கும் முன் படம் போகிறது. படத்தில் சந்தன நிறம், நேரில் மாநிறம். அந்த இடைவெளியில் ஒரு பெண் தலைகுனிந்து நிற்கிறாள். பொய் சொன்னது படம், வெட்கப்படுவது அவள். இன்று நெகடிவும் பென்சிலும் மறைந்தன. கைபேசியே முகத்தை வெளுத்துத் தந்துவிடுகிறது; ஒருவரும் கேட்காமலேயே தந்துவிடுகிறது. 1994இல் அந்த உரிமையாளர் பத்து நாள் உழைத்துச் செய்த பிழையை இன்று ஒரு விரல் நுனி நொடியில் செய்கிறது.

சென்ற ஆண்டு, அன்று எட்டு வயதுச் சிறுமியாயிருந்த அதே பேத்தி தன் மகளைப் படம் எடுக்கத் தாம்பரத்துச் சிறு ஸ்டூடியோ ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். பெண்ணும் நன்னிமாவின் நிறமே. விளக்குகளைக் கொளுத்த எழுந்த இளைஞரிடம், "தம்பி, இரண்டையும் அணைச்சிட்டு அந்தச் சன்னலைத் திறங்க. நாற்காலி வேண்டாம், அவ எப்படி உட்கார்றாளோ அப்படியே உட்காரட்டும்" என்றாள் தாய். இளைஞர் தயங்கினார், பிறகு திறந்தார். படம் வந்தது. கன்னத்தில் சன்னலின் வெளிச்சம், மறுபுறம் மெல்லிய இருள், நடுவே நாம் அறிந்த முகம். இளைஞர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடைப் பெட்டியில ஒரு காப்பி வச்சுக்கட்டுமா, அக்கா?" என்று கேட்டார்.

பெண்ணின் படத்தைக் கடைத்தெருவில் வைக்கத் தாய்க்கு மனமில்லை, மறுத்துவிட்டாள். அது அவள் உரிமை. ஆனால் அந்த இளைஞர் கேட்டாரே, அந்த ஒரு கேள்வியில் நமக்கு நம்பிக்கை பிறந்தது. ஸ்டூடியோ நடத்தும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: அடுத்து வரும் முகத்துக்காக ஒரு விளக்கையேனும் அணையுங்கள். அமர்ந்திருப்பவர் யார் என்பதை நிழலும் சேர்ந்து சொல்லட்டும். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் குழந்தை, "இது நம்ம நன்னிமா" என்று சொல்ல வேண்டும்.